பல்லை எடுக்கச் சொல்லிவிட்டார்களா? முதல் எக்ஸ்ரேயிலிருந்து குழி ஆறும் வரை செய்ய வேண்டியவை

நான் பல் டாக்டர் இல்லை. ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர், பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, பஞ்சு மடித்துக் கொடுப்பது, எழுந்து போகிறவர்களிடம் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லி அனுப்புவது, இதெல்லாம் என் வேலை. இத்தனை வருஷம் பார்த்ததில் ஒன்று தெரிகிறது. பல் எடுக்கும் அந்தப் பத்து இருபது நிமிஷத்தில் ஏதாவது ஆவது குறைவு. அதற்கு முன்னால் சொல்லாமல் விட்டதாலும், வீட்டுக்குப் போய்ச் செய்ததாலும் வருகிற சிக்கல்தான் அதிகம். அதனால் எது முதலில், எது அப்புறம் என்று வரிசையாகவே எழுதுகிறேன்.

1. வலிப்பது எந்தப் பல் என்று முதலில் முடிவாகட்டும்

"இதுதான் டாக்டர், இதைப் பிடுங்கிப் போட்டுடுங்க" என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். தட்டிப் பார்த்து, குளிர்ச்சி வைத்துப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்தால் வலிக்குக் காரணம் அதற்கு அடுத்த பல்லாக இருக்கும், சில சமயம் மேல் வரிசைப் பல்லாகவே இருக்கும். பல்லுக்குள் நரம்பு வீங்கும்போது வலி ஒரே இடத்தில் நிற்பதில்லை, அதே பக்கத்தில் காது, நெற்றிப்பொட்டு, கழுத்து என்று ஓடுகிறது. அதனால் உங்கள் விரலை மட்டும் நம்பி யாராவது பல்லை எடுக்க வந்தால், "எக்ஸ்ரே பார்த்துட்டு எடுக்கலாமா?" என்று கேளுங்கள்.

பல்லே காரணமில்லாத வலியும் உண்டு. சைனஸில் சளி கட்டினால் மேல் கடைவாய்ப் பற்கள் இரண்டு மூன்று சேர்ந்து வலிக்கும், குனிந்தால் கூடும். முகத்தில் காற்று பட்டாலோ பல் துலக்கினாலோ மின்சாரம் பாய்ந்த மாதிரி சில விநாடி வெட்டிவிட்டு நின்றுபோவது முக நரம்பு வலியாக இருக்கலாம். அதைப் பல்வலி என்று நினைத்து அடுத்தடுத்து மூன்று பல்லை இழந்துவிட்டு வந்த ஒரு அக்காவைப் பார்த்தேன், மூன்றும் போன பிறகும் வலி அப்படியே இருந்தது. படி ஏறும்போது இடது கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்தால் நிற்கிறது என்றால் முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

பரிசோதனைக்கு வருவதற்குச் சற்று முன்பு வலி மாத்திரை போட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரை வலியை அடக்கி வைத்திருக்கும்போது டாக்டர் தட்டினால் எல்லாப் பல்லும் ஒரே மாதிரிதான் பதில் சொல்லும்.

பல்லின் எண்ணையும் தெரிந்துகொள்ளுங்கள். சீட்டில் 36 என்று எழுதியிருந்தால் அது முப்பத்தாறாவது பல் இல்லை. முதல் இலக்கம் வாயின் கால் பகுதி: வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. இரண்டாவது இலக்கம் முன்பக்க நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. ஆக 36 என்பது இடது கீழ் ஆறாவது பல், 48 என்பது வலது கீழ் ஞானப்பல். முழு வாயையும் காட்டும் ஓபிஜி படத்தில் உங்கள் இடது பக்கம் படத்தின் வலது பக்கத்தில் தெரியும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஓர் இடத்தில் பார்த்து, இன்னோர் இடத்தில் பல்லை எடுக்கச் சீட்டோடு வருகிறவர்கள், முக்கியமாகப் பல் கம்பி போடுவதற்காக நல்ல பற்களை எடுக்க வருகிறவர்கள், உட்காருவதற்கு முன் எண்ணை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிச் சரிபாருங்கள். எடுத்த பல்லைத் திருப்பி வைக்க முடியாது.

2. "இதைக் காப்பாத்த முடியுமா?" என்று கேளுங்கள்

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் போகிறவர்கள்தான் அதிகம். வலி உயிர் போகிற மாதிரி இருந்தால் பல் கெட்டே போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். நிஜத்தில் பல முறை தலைகீழாக இருக்கும். ராத்திரி முழுக்கத் தூங்க விடாத பல், ரூட் கெனால் (பல்லுக்குள் கெட்ட நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) செய்தால் நன்றாக நிற்கும். வலியே இல்லாமல் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும் பல்லைத்தான் எடுக்க வேண்டிவரும். வலியின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

டாக்டர் பார்ப்பது வேறு. முதலாவது, எவ்வளவு பல் மிச்சம் இருக்கிறது. ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டர் அளவுக்காவது உறுதியான பல் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) நிற்கும். சொத்தை ஈறுக்குக் கீழே, எலும்பு வரை இறங்கிவிட்டால் கேப்புக்குப் பிடிமானம் இல்லை, ரூட் கெனால் எவ்வளவு அழகாகச் செய்தாலும் மேலே கட்டியது ஒரு நாள் கழன்று வரும்.

இரண்டாவது, வேர் பிளந்திருக்கிறதா என்பது. மேலிருந்து கீழாக வேர் நெடுக்கப் பிளந்துவிட்டால் ஒட்ட வழியில்லை. இது அதிகம் நடப்பது, ரூட் கெனால் முடிந்து வலி போனதும் "அப்புறம் போட்டுக்கலாம்" என்று கேப்பைத் தள்ளிப் போட்டவர்களுக்கு. பல்லைத் துளைத்து எடுத்ததில் சுவர் மெலிந்துபோயிருக்கும், ஒரு முறுக்கைக் கடித்தால் போதும். பல்லைக் காப்பாற்றப் பாதிக் காசைச் செலவழித்துவிட்டு மீதியை மிச்சம் பிடித்ததால் பல்லே போன கதைகளைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

மூன்றாவது, எலும்பு. பக்கவாட்டில் லேசாக ஆடும் பல்லை ஈறு சிகிச்சை செய்து நிறுத்தப் பார்ப்பார்கள். அழுத்தினால் குழிக்குள் இறங்கி ஏறுகிற அளவுக்கு ஆடினால் அதைச் சுற்றி எலும்பு அநேகமாக இல்லை, எடுக்கத்தான் வேண்டும். ஒரு பொட்டு சொத்தைகூட இல்லாத பல் இப்படி விழுவதைச் சர்க்கரை கட்டுப்படாதவர்களிடமும் புகை, புகையிலைப் பழக்கம் உள்ளவர்களிடமும் நிறையப் பார்க்கிறோம்.

காசு விஷயத்தையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். ரூட் கெனாலும் கேப்பும் சேர்ந்தால் பல் எடுப்பதைவிடப் பல மடங்கு ஆகும், முடியாமல் எடுத்துவிடச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் எடுத்த இடத்தில் பிறகு பல் கட்டும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கம் இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரம், புதுக்கோட்டை அரசுக் கல்லூரிகள், தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள், இங்கெல்லாம் வெளியே ஆகிறதைவிடக் குறைந்த செலவில் முடியும். காத்திருக்க வேண்டும், இரண்டு மூன்று முறை போக வேண்டும். அந்த நேரம் உங்களிடம் இருந்தால் பல் மிஞ்சும்.

3. ஞானப்பல்லுக்குத் தனிக் கணக்கு

17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும் கடைசிப் பல். அது இருக்கிறது என்பதற்காகவே எடுக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டிலேயே, நோய் எதுவும் இல்லாத புதைந்த ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று அரசு வழிகாட்டுதல் வந்துவிட்டது. நேராக முளைத்து, தூரிகை எட்டுகிறது என்றால் விட்டுவிடலாம்.

எடுக்கக் காரணங்கள் இவை: பாதி மூடிய ஈறுக்குள் சாப்பாடு புகுந்து திரும்பத் திரும்பச் சீழ் வைப்பது, படுத்த வாக்கில் முளைத்து முன்னால் இருக்கும் நல்ல கடைவாய்ப் பல்லைச் சொத்தையாக்குவது, சுற்றிலும் நீர்க்கட்டி வைப்பது. இரண்டாவதுதான் ஏமாற்றும், வலி தெரிவதற்குள் இரண்டு பல்லும் கெட்டிருக்கும்.

கீழ் ஞானப்பல்லின் வேருக்கு மிக அருகில் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. ஓபிஜி படத்தில் இரண்டும் ஒட்டித் தெரிந்தால் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அதை வீண் செலவு என்று மறுக்காதீர்கள், நரம்பு நசுங்கினால் உதட்டில் மரத்த உணர்வு மாதக் கணக்கில் நிற்கலாம், அபூர்வமாக நிரந்தரமாகவும்.

4. பிள்ளைகள் என்றால் அவசரப்பட வேண்டாம்

ஆறு வயதில், எந்தப் பால் பல்லும் விழாமலேயே, எல்லாவற்றுக்கும் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். அதைப் பால் பல் என்று நினைத்து "விழப் போறதுதானே, எடுத்துடுங்க" என்று சொல்லாத மாதமே இல்லை. அது போனால் வேறு முளைக்காது.

கீழ் முன்பல் விழாமல் இருக்கும்போதே பின்னால் இன்னொன்று முளைத்து இரட்டை வரிசையானால் பயப்பட வேண்டாம். பால் பல் ஆடினால் நாக்காலும் விரலாலும் ஆட்டச் சொன்னால் பெரும்பாலும் தானே விழும், சில வாரத்தில் விழாவிட்டால் காட்டுங்கள். சொத்தையான பால் கடைவாய்ப் பல்லைச் சீக்கிரமே எடுத்தால் பக்கத்துப் பல் சாய்ந்து, 10, 12 வயதில் வர வேண்டிய பல்லுக்கு இடம் போய்விடும். எடுத்தே ஆக வேண்டுமானால் அந்த இடத்தைக் காக்கும் வளையம் வேண்டுமா என்று கேளுங்கள்.

5. மருந்து அட்டைகளோடு வாருங்கள்

"ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா, சுகருக்கும் பிரஷருக்கும் மட்டும்தான்" என்பார்கள். வருஷக் கணக்கில் சாப்பிடுவது மருந்தாகவே மனசில் பதிவதில்லை. அதனால் ஞாபகத்தை நம்பாமல் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பெயர் தெரியாத வெள்ளை மாத்திரையை எங்களால் ஊகிக்க முடியாது.

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்து: ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின், இப்போது வரும் புதிய வகைகள். யாரோ சொன்னார்கள் என்று ஐந்து நாள் முன்பே தாங்களாக நிறுத்திவிட்டு வருகிறார்கள், நான் பார்த்ததிலேயே பயங்கரமான தப்பு இது. பல் குழியில் கசியும் ரத்தத்தைப் பஞ்சாலும் தையலாலும் நிறுத்திவிடலாம். ஸ்டென்ட் வைத்த ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்தால் அதற்கு நம் கையில் ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு பல்லுக்கு ஆஸ்பிரினை நிறுத்தத் தேவையே இருக்காது. வார்ஃபரின் என்றால் எடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொண்டு வாருங்கள், 4-க்குக் கீழே இருந்தால் நிறுத்தாமலே எடுக்கலாம் என்பது பிரிட்டன் வழிகாட்டுதல், இன்னும் குறைவாக இருக்கட்டும் என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு. நிறுத்துவதா, எத்தனை வேளை என்பதை அந்த மருந்தை எழுதியவரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருஷம் ஒரு ஊசியோ போடுகிற அம்மாக்கள், புற்றுநோய்க்காக எலும்பு ஊசி போடுகிறவர்கள், இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அலென்ட்ரோனேட், ஜோலெட்ரோனிக் ஆசிட் போன்ற மருந்துகள் எடுத்தவர்களில் சிலருக்குக் குழி ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிய ஆரம்பிக்கும். இதை யாரும் பல்லோடு சேர்த்து யோசிப்பதே இல்லை.

வாய், கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கப் போகிறவர்கள், தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே கெட்ட பற்களை எடுத்து முடித்துவிட வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடைக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும், பிறகு எடுத்தால் எலும்பு ஆறாமல் போகலாம். ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவர்கள், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

செயற்கை இதய வால்வு, பிறவி இதயக் கோளாறு, முன்பு இதயத்தில் கிருமித் தொற்று வந்தவர்கள்: எடுப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே ஆன்டிபயாடிக் ஒரு வேளை தேவைப்படலாம், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அன்றைய நேரம் வீண். ரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டியிருந்தால் அவசரமில்லாத பல்லை ஒத்திவைப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு நாலாவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரை வசதியான காலம், ஆனால் சீழ் வைத்து வீங்கியிருந்தால் எந்த மாதமானாலும் காட்டுங்கள். பென்சிலின் ஒவ்வாமை, முன்பு ஊசி போட்டு மயங்கியது, காயம் பட்டால் ரத்தம் நிற்காதது, இவற்றையும் விடாதீர்கள்.

6. வீக்கம் இருந்தால் வீட்டில் காத்திருக்க வேண்டாம்

"வீக்கம் வத்தட்டும், அப்புறம் போகலாம்" என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பத்து நாள் ஓட்டுகிறார்கள். சீழ் இருக்கும் இடத்தில் திசு அமிலமாகிவிடும், அதனால் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது, வாயும் திறக்காது. டாக்டர் சில சமயம் முதலில் மருந்து கொடுத்துவிட்டுப் பிறகு எடுப்பது இதனால்தான். சில சமயம் அன்றே சீழை வெளியேற்றுவார், பல்லையும் எடுத்துவிடுவார். எது என்பதை அவர் பார்த்துத்தான் சொல்ல முடியும். மாத்திரை கிருமியை அடக்குமே தவிர, அது குடியிருக்கும் பல் அங்கேயே இருக்கும் வரை திரும்ப வரும்.

கீழ்த்தாடைக்கு அடியில் கல் மாதிரி வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல், மூச்சு திணறினால் பல் மருத்துவமனைக்குக்கூட வராதீர்கள். பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போங்கள். சில மணி நேரத்திலேயே மூச்சுக்குழாய் அடைத்துவிடலாம்.

மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போகும் என்ற பயத்தில் வருஷக் கணக்காகச் சீழோடு இருந்த ஒரு பாட்டி நினைவுக்கு வருகிறார். மேல் பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. மேல் கோரைப்பல்லில் கட்டும் சீழ் கண்ணுக்குக் கீழே வீங்க வைக்கும், முற்றினால் கண்ணைச் சுற்றியும் பரவும். பல்லை விட்டுவைப்பதால் வரும் ஆபத்து அது.

வலிக்கிறது என்று ஈறில் ஆஸ்பிரின் பொடி, புகையிலை, கற்பூரம், கிராம்பு எண்ணெய் நிறைய, இப்படி எதையும் வைக்காதீர்கள். ஈறு வெந்து வெள்ளையாக உரிந்து வருகிறார்கள், பல்வலியோடு புண்ணும் சேர்ந்துகொள்கிறது.

7. அன்று காலை சாப்பிட்டுவிட்டு வாருங்கள்

ஆபரேஷன் என்றால் வெறும் வயிறு என்று மனசில் பதிந்துவிட்டது. மரத்துப்போகும் ஊசி போட்டுப் பல் எடுக்க வெறும் வயிறு தேவையில்லை. முழு மயக்கம் கொடுத்து எடுப்பதாகச் சொல்லியிருந்தால் மட்டும் அவர்கள் சொன்னபடி பட்டினி இருங்கள். பசியும் பயமும் சேர்ந்தால் ஊசியைப் பார்த்ததும் கண் இருட்டிக்கொண்டு வரும். எங்கள் இடத்தில் மயங்கியவர்களை விசாரித்தால் பாதிக்கு மேல் "ஒண்ணும் சாப்பிடல" என்பார்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரையோ இன்சுலினோ போட்டு, அதற்கேற்றபடி இட்லி தோசை சாப்பிட்டு, காலை நேரத்தில் வாருங்கள். மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்தால் சர்க்கரை இறங்கி வியர்த்துவிடும். கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) சீட்டும் கையில் இருக்கட்டும்.

சாப்பிட்டதும் பல் துலக்குங்கள், ஏனென்றால் அடுத்த நாள் வரை அந்தப் பக்கம் தூரிகை போகாது. கூட ஒருவரை அழைத்து வாருங்கள். வீட்டில் தயிர்சாதத்துக்கு ஏற்பாடும் ஃப்ரீசரில் ஐஸும் இருக்கட்டும், திரும்பி வந்து தேட முடியாது. முக்கியமாக, மறுநாளே வெளியூர்ப் பயணமோ கல்யாணமோ வைத்துக்கொள்ளாதீர்கள்.

8. நாற்காலியில் நடப்பது

ஊசி போட்டுச் சில நிமிஷத்தில் உதடு தடித்த மாதிரி ஆகும். மருந்தில் கொஞ்சம் அட்ரினலின் சேர்ந்திருப்பதால் நெஞ்சு ஒரு நிமிஷம் படபடக்கலாம், அடங்கிவிடும். அப்புறம் டாக்டர் கூரான கருவியால் ஈறைத் தொட்டுப் பார்ப்பார். குத்துகிற மாதிரி வலித்தால் உடனே சொல்லுங்கள், இன்னொரு ஊசி போடலாம். வலியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கும் நன்மை இல்லை.

ஆனால் அழுத்தம் தெரியும். தள்ளுவது, அசைப்பது, "நறுக்" என்ற சத்தம், எல்லாம் கேட்கும். ஊசி வலியை நிறுத்துகிறது, அழுத்த உணர்வை முழுக்க நிறுத்துவதில்லை. இதை முன்பே தெரிந்துகொண்டு உட்கார்ந்தவர்கள் அமைதியாக இருக்கிறார்கள், தெரியாதவர்கள் ஊசி வேலை செய்யவில்லை என்று பதறுகிறார்கள். வலித்தால் இடது கையைத் தூக்குவது என்று டாக்டரோடு முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தலையைத் திடீரென்று திருப்பினால் கருவி கிழித்துவிடும்.

கடைவாய்ப் பல்லை இரண்டு மூன்று துண்டாக வெட்டி எடுத்தால் ஏதோ தவறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். வேர்கள் விரிந்திருக்கும்போது முழுதாக இழுத்தால் எலும்பு உடையும், வெட்டி எடுப்பது எலும்பைக் காப்பாற்றத்தான்.

9. முதல் 24 மணி நேரம்: ரத்தக் கட்டியைக் காப்பாற்றுவது ஒன்றே வேலை

பல் இருந்த குழியில் ரத்தம் நிறைந்து உறைந்து கட்டியாகும். அடியில் இருக்கும் எலும்புக்கு அதுதான் மூடி, அதன் மேலேதான் புதுச் சதை வளர வேண்டும். இனிச் சொல்கிற எல்லாமே அந்தக் கட்டி கழன்றுவிடக் கூடாது என்பதற்காக.

பஞ்சை முக்கால் மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்றக் கூடாது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உறைய ஆரம்பித்தது பிய்ந்து வருகிறது. பேசாதீர்கள். ரத்தம் நிற்கவில்லை என்று திரும்பி வந்தவர்களில் பலர் ஆட்டோவிலேயே போனில் பேசிக்கொண்டு போனவர்கள்.

துப்பாதீர்கள், விழுங்கிவிடுங்கள். இதை எத்தனை முறை சொல்லி அனுப்பினாலும் ராத்திரி போன் வரும்: "வாஷ் பேசின் பூரா ரத்தம் சிஸ்டர்!" ஒரு சொட்டு ரத்தம் வாய் நிறைய எச்சிலைச் சிவப்பாக்கும், அதைப் பார்த்துப் பயந்து மேலும் துப்புவார்கள், துப்பத் துப்ப உறிஞ்சும் விசையில் கட்டி கழன்று நிஜமாகவே ரத்தம் வரும். உறிஞ்சு குழாயில் இளநீர் குடிப்பது, வாய் கொப்பளிப்பது, பீடி சிகரெட் இழுப்பது, மூன்றும் இதே விசைதான். புகையில் அது போதாதென்று ரத்த ஓட்டமும் சுருங்கும். சிகரெட்டைக் குறைந்தது மூன்று நாள் தள்ளி வையுங்கள், எவ்வளவு தள்ளுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

மரத்தது தெளியும் முன்பே, சாப்பிட்டுவிட்டு முதல் வலி மாத்திரையைப் போடுங்கள். கீழ்த்தாடை ஊசி இரண்டு முதல் நாலு மணி நேரம் நிற்கும். வலி ஏறிய பிறகு மாத்திரை போட்டால் அது வேலை செய்ய ஆகும் நேரம் முழுக்கத் தவிப்பு. எழுதிக் கொடுத்த மாத்திரையிலேயே பாராசிட்டமால் சேர்ந்திருக்கலாம், வீட்டில் இருக்கும் 650-ஐயும் கூடப் போட்டுக் கணக்கை மீறாதீர்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ஆஸ்துமா உள்ளவர்கள் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளைக் கேட்காமல் தொட வேண்டாம். மெட்ரோனிடசோல் எழுதியிருந்தால் மது அறவே கூடாது.

சாப்பாடு ஆறியதாக, மிருதுவாக: தயிர்சாதம், ஆறின கஞ்சி, ஐஸ்கிரீமைக் கரண்டியால். சூடான ரசமும் காபியும் கட்டியைக் கரைக்கும். மரத்திருக்கும்போது மெல்லாதீர்கள், உதட்டைக் கடித்துக்கொள்வீர்கள். பிள்ளைகள் வேடிக்கையாகக் கடித்துக் கடித்து மறுநாள் உதடு வீங்கி வருவார்கள், பக்கத்திலேயே இருங்கள். ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்துக்கு வெளியே பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்து, அதே அளவு விட்டு, மறுபடி வையுங்கள். ராத்திரி இரண்டு தலையணை. குளிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். குளிக்கலாம், கொதிக்கிற வெந்நீர் மட்டும் வேண்டாம்.

மறுபடி ரத்தம் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து மடித்து, குழியின் மேலேயே படும்படி வைத்து அரை மணி நேரம் விடாமல் கடியுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும்.

10. இரண்டாம் நாளிலிருந்து

இப்போது உப்புத் தண்ணீர். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு, சாப்பிட்ட பிறகெல்லாம். கொப்பளிக்காமல், வாயில் வைத்துத் தலையைச் சாய்த்துத் தானாக வழிய விடுங்கள். முதல் நாளே இதைத் தொடங்குகிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் கட்டியைக் கழுவி விடுகிறார்கள்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். முதல் நாளைவிட மறுநாள் முகம் பெரிதாக இருந்தால் அதனால் பயப்பட வேண்டாம். மற்ற பற்களைத் துலக்குங்கள். குழியைக் குச்சியாலோ நாக்காலோ நோண்டாதீர்கள். மேலே படியும் வெள்ளை மஞ்சள் படலத்தைச் சீழ் என்று சுரண்டி எடுத்தவர்கள் உண்டு, அது ஆறும் சதை. கறுப்புப் பட்டுநூல் தையல் என்றால் ஒரு வாரத்தில் பிரிக்க வர வேண்டும்.

11. மூன்றாம் நாள் வலி கூடினால்

இயல்பான வலி நாளுக்கு நாள் குறையும். குறைந்துவிட்டு, இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் திடீரென்று கூடி, காது வரை இழுத்து, வாயில் கெட்ட வாடை வந்தால் கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். உலர்ந்த குழி என்பார்கள். கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் அதிகம் வருகிறது.

மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி இதைச் சரிசெய்ய முடியாது. திரும்பி வாருங்கள். குழியைக் கழுவி மருந்துத் திரியை வைத்தால் அன்றே பெரும் நிம்மதி கிடைக்கும். "திரும்பப் போனா திட்டுவாங்களோ" என்று மாத்திரையிலேயே ஒரு வாரம் துடித்துவிட்டு வருகிறார்கள், அதுதான் மனசுக்குக் கஷ்டம்.

உடனே போன் செய்ய வேண்டிய மற்றவை: அரை மணி நேரம் கடித்தும் நிற்காத ரத்தம், மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஏறும் வீக்கம், காய்ச்சல், நாளுக்கு நாள் குறுகும் வாய்த் திறப்பு, மறுநாளும் தெளியாத மரப்பு. மேல் கடைவாய்ப் பல் எடுத்தவர்களுக்குத் தண்ணீர் குடித்தால் மூக்கில் வந்தால், சைனஸுக்கு வழி திறந்திருக்கிறது. மூக்கைச் சிந்தாமல், தும்மலை வாய் திறந்து விட்டு, அன்றே வாருங்கள்.

12. காலி இடத்தை எப்போது நிரப்புவது

ஈறு இரண்டு மூன்று வாரத்தில் மூடும், உள்ளே எலும்பு நிரம்ப மூன்று நாலு மாதம் முதல் ஆறு மாதம் வரை. வலி போனதும் எல்லாரும் மறந்துவிடும் கட்டம் இது. ஆனால் பல் போன இடத்து எலும்பு முதல் ஆறு மாதத்தில்தான் வேகமாக ஒடுங்குகிறது, பக்கத்துப் பல் காலி இடத்தில் சாயத் தொடங்குகிறது, எதிர்வரிசைப் பல் கடிக்க ஆளில்லாமல் இறங்குகிறது. நாலைந்து வருஷம் கழித்து வந்தால் ஒரு பல் கட்ட, சாய்ந்த இரண்டைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

அதனால் பல்லை எடுக்கும் நாளிலேயே, கழற்றி மாட்டும் பல்லா, பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பாலமா, எலும்பில் திருகு பொருத்தி அதன் மேல் பல் கட்டும் இம்பிளான்ட்டா, எதற்கு எவ்வளவு ஆகும், எந்த மாதம் வர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஞானப்பல் எடுத்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அந்த இடத்தில் எதுவும் வைக்க வேண்டியதில்லை.